பீன்ஸ் கீச்சிடாமல் வேக நான்கு ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு பீன்ஸ் வெந்தது.

இதைப் படித்தால் ஊரில் அம்மா சிரிப்பார். ஒட்டன்சத்திரம் சந்தையில் கொடைக்கானல் மலைப் பீன்ஸ் மூட்டை மூட்டையாக இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடுகு தாளித்து, தண்ணீர் தெளித்து, மூடி வைத்தால் பன்னிரண்டு நிமிடத்தில் பொரியல். அதே காயை வேகவைக்க இங்கே எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமையும், மூன்றரைக் கிலோவுக்கு மேல் பீன்ஸும், 40 மணி நேர மின்சாரமும் ஆயின. "ஏன்டா, அஞ்சு மணி நேரம் வேகவச்சா அதுல என்னடா மிஞ்சும்?" என்று போன வாரம் போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் செய்ய நினைத்தது பொரியல் இல்லை.

இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே நகரத்துப் பக்கம். போன ஜூலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணம் பீன்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர், மேற்கே பூன் என்கிற ஊர்ப் பக்கத்து மலைக்காரர். பார்க்கச் சகிக்கவில்லை. பச்சை நிறம் அறவே போய், பழைய மாவடு நிறத்தில், பன்றிக்கால் கறித் துணுக்கோடு சாற்றில் கிடந்தது. வாயில் போட்டதும்தான் தெரிந்தது. நாக்கால் அழுத்தினாலே மசிகிறது, ஆனால் கரண்டியில் எடுக்கும்போது உருவம் கெடவில்லை. சாற்றைக் கிண்ணத்தோடு குடித்தோம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஹாம் ஹாக், வெங்காயம், நேரம்" என்றார். ஹாம் ஹாக் என்பது புகைபோட்ட பன்றிக்கால். எவ்வளவு நேரம் மேம்? "சர்ச்சுக்குப் போயிட்டு வர்ற நேரம் பத்தாது, ஹனி. போய், அங்க எல்லார்கிட்டயும் பேசி முடிச்சுட்டு வர்ற நேரம்."

அவர் இரும்புப் பானையில் அடுப்பில் வைக்கிறார். அடுப்பை எரியவிட்டு வெளியே போக எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் ஸ்லோ குக்கர், குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை.

கருவி

6 குவார்ட், அதாவது ஐந்தரை லிட்டருக்குச் சற்றே மேல். ஒரு வீட்டு முற்றத்து விற்பனையில் 8 டாலருக்கு வாங்கியது. டிஜிட்டல் எதுவும் இல்லை. ஆஃப், லோ, ஹை, வார்ம் என்று நான்கு நிலை உள்ள ஒரே ஒரு குமிழ். உள்ளே எடுத்துக் கழுவக்கூடிய பீங்கான் பாத்திரம், தனியாக நிறுத்தால் 3 கிலோ. இந்த 3 கிலோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் காலை வாரிவிட்டது அதுதான். கூடவே சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டரும், ஒயரோடு வரும் கறி வெப்பமானியும். வெப்பமானி மட்டும் இதற்கென்று வாங்கியது, 17 டாலர்.

இந்தச் சாதனத்தின் பூர்வீகமே பீன்ஸ்தான் என்பதில் எனக்கு ஒரு அசட்டுத் தைரியம் இருந்தது. இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் காப்புரிமை வாங்கியது. லித்துவேனியாவின் வில்னியஸில் யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோலண்ட் என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பைப் பானையோடு ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். அணைத்த அடுப்பின் சூட்டிலேயே அது ராத்திரி முழுக்க வேகும். நாக்சனின் அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்து வந்த யோசனை. 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்றார். ரைவல் நிறுவனம் 1970-ல் வாங்கி, அடுத்த வருடம் 'க்ராக்-பாட்' என்று இறக்கியது. ஆனால் அதெல்லாம் காய்ந்த பீன்ஸ். பச்சைக் காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

முதல் ஞாயிறு

சூப்பர் மார்க்கெட் பீன்ஸ், 2 பவுண்டு, 907 கிராம். நார் இல்லாத உருண்டை ரகம். காம்பைக் கிள்ளினால் போதும். நாலு துண்டு பேக்கன் (உப்பும் புகையும் ஏற்றிய பன்றிக்கறி), ஒரு வெங்காயம், பச்சைத் தண்ணீர் ஒன்றரை லிட்டர். இதோடு நிறுத்தியிருக்கலாம். 'வெறும் பீன்ஸ் சப்பென்று இருக்குமே' என்று ஒரு டின் தக்காளியும் இரண்டு ஸ்பூன் வினிகரும் சேர்த்தேன். லோவில் 8 மணி நேரம். நாங்கள் கடைக்குப் போய்விட்டு வந்தோம்.

வீடு மணத்தது. மூடியைத் திறந்தால் நிறமும் சரியாக இருந்தது, அதே மாவடு நிறம். ஒன்றை எடுத்துக் கடித்தேன். கீச்.

எழுத்தில் சொல்வது கஷ்டம். புது ரப்பர் செருப்பு ஈரத் தரையில் தேய்கிற சத்தம் பல்லுக்குள் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே விதை வெந்திருக்கிறது. மேல்தோல் தோலாகவே இருக்கிறது. 8 மணி நேரம்! என் மனைவி ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைத் தட்டோரம் வைத்தாள். "ஏங்க, பாத்தா நாலு நாள் பழசு மாதிரி இருக்கு, கடிச்சா பச்சையா இருக்கு. ரெண்டும் எப்படிங்க சேர்ந்து வரும்?"

அந்தக் கேள்விக்குத்தான் மீதி மூன்று ஞாயிறும் போயின.

கொஞ்சம் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனேன். ஒன்றை வாயில் போட்டு மரியாதையாக மென்று விழுங்கினார். "தக்காளி எதுக்கு ஹனி?" என்று மட்டும் கேட்டார். "வினிகர் வேணும்னா சாப்பிடற மேஜையில ஊத்திக்கறது. பானையில இல்ல."

வெட்கமாகப் போயிற்று. சாம்பாரில் காய் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் காய் வேகாது என்பது நம் வீட்டில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். புளிப்பு டின்னிலிருந்து வந்தால் அந்த அறிவு வேலை செய்யவில்லை.

இரண்டாம் ஞாயிறு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தக்காளி இல்லை, வினிகர் இல்லை. அதோடு அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. கொண்டைக்கடலை வேகப் போடுகிறோமே, அந்த நினைப்பு. ஹையில் வைத்தேன்.

மூன்றாம் மணி நேரத்தில் மூடி வழியே பார்த்தபோது பளிச்சென்று பச்சை. ஏமாந்தேன். ஐந்தாம் மணி நேரத்தில் கரண்டி விட்டால் தோல் தனி, விதை தனி, நடுவே வெண்டைக்காய் போல வழவழப்பு. சோப்புத் தண்ணீர் வாசனை வேறு. கால் டீஸ்பூன் போட்டிருந்தால் தப்பித்திருக்குமோ என்னவோ, திரும்பச் செய்து பார்க்கிற எண்ணம் இல்லை. அத்தனையும் தோட்டத்து உரக்குழிக்குப் போயிற்று.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை: வெறும் தண்ணீர்

காயை விட்டுவிட்டு பெட்டியைச் சோதித்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஸ்லோ குக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இங்கே விவசாய விரிவாக்க மையங்கள் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் வைக்க வேண்டும். கடைசியில் 85 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. 85-க்குக் கீழே என்றால் கறி சமைக்கவே லாயக்கில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான்.

மூன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீர், தொடக்கத்தில் 20 டிகிரி. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாள் என்பதால் மணிக்கொரு தரம் எழுதி வைத்தேன். முதல் மணி 41. இரண்டு 56. மூன்று 68. நான்கு 77. ஐந்து 83. ஆறு 87. எட்டாம் மணி 91. வாட் மீட்டர் முழு நேரமும் 168 காட்டியது. ஹையில் 232.

ஆக 8 டாலர் பெட்டியில் பழுது இல்லை. எனக்கு விடை கிடைத்தது அந்த வரிசையின் நடுவில். 50-லிருந்து 70 டிகிரிக்குப் போக இது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு மாதிரிக் காய்களை அந்தச் சூட்டில் அரை மணி நேரம் வைத்தாலே அவற்றுக்குள் இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு தோலின் பெக்டினை, அதாவது காயைப் பிணைத்து வைத்திருக்கும் பசையை, இறுக்கிவிடும். அப்படி இறுகினது பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் லேசில் விடாது. டப்பாவில் அடைக்கும் ஆலைகள் காய் குழையாமல் இருக்க இதையே வேண்டுமென்று செய்கின்றன. நான் காசு செலவழித்து, தெரியாமல், அதே வேலையை வீட்டில் செய்திருக்கிறேன். புளிப்பும் சேர்ந்து, கட்டின கயிற்றுக்கு மேல் இன்னொரு முடிச்சு.

சித்தாந்தம் அவ்வளவுதான். செய்ய வேண்டியது ஒன்று: 50-க்கும் 70-க்கும் நடுவில் காய் நிற்கக் கூடாது, தாண்டி ஓட வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு

காயை மாற்றினேன். பாட்டி சொன்ன ரகம் 'ஹாஃப் ரன்னர்'. அரைகுறையாகக் கொடி ஓடுகிற வெள்ளை விதை பீன்ஸ், மலைப்பக்கத்தில் பிராணன். ராலேயில் இருக்கும் மாநில உழவர் சந்தையில், மேற்கு மலைக் காய் விற்கிற ஒரு மேஜையில் கிடைத்தது. பவுண்டு மூன்றரை டாலர். சூப்பர் மார்க்கெட்டில் 1.99. குட்டையாக, கோணலாக, விதை புடைத்துக்கொண்டு, நம் ஊரில் என்றால் 'முத்தல்' என்று தள்ளிவிடுவோம். விதை நிறைந்திருந்தால்தான் சாறு கெட்டியாகுமாம்.

இதற்கு நார் உண்டு. இரண்டு பக்கமும். நார் இல்லாத பீன்ஸை நியூயார்க் மாநிலத்தில் கால்வின் கீனி என்பவர் 1890-களிலேயே உருவாக்கிவிட்டார். கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் நார் இல்லாத ரகம்தான். மலைக்காரர்கள் மட்டும் இன்னமும் நார் ரகத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு பக்கம் மட்டும் உரித்து, அதையும் பாதிக்கு மேல் கத்தியால் ஒப்பேற்றினேன். 900 கிராமுக்கு இருபது நிமிடம். சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷம்.

காயைப் பீங்கானில் போட்டு, கெட்டிலில் தளதளவென்று கொதித்த தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினேன். ஒரு ஹாம் ஹாக், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. மூடினேன், வெப்பமானியை நுழைத்தேன். 80-க்கு மேல் காட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் கழித்து 51-ல் நின்றது.

51! தப்பிக்க நினைத்த பள்ளத்தில் நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். கணக்குப் போட்டால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் வெந்நீருக்கு எதிரே 3 கிலோ குளிர்ந்த பீங்கான், 900 கிராம் குளிர்ந்த காய். கல்யாண வீட்டு அண்டாவில் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றிக் குளிக்கப் போன கதை. உடனே ஹைக்குத் திருப்பினேன். 70-ஐத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று.

7 மணி நேரம் கழித்துப் பார்த்தால், முதல் ஞாயிறுக்கு இது எவ்வளவோ தேவலை. பத்துக் காயில் ஆறு மசிந்தது, நாலு கீச்சிட்டது. ஆனால் நார். பல்லிடுக்கில் கோணி ஊசியால் தைத்த மாதிரி நார். வாய்க்குள் விரலை விடாமல் யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. உப்பும் கரித்தது. ஹாம் ஹாக் தன் உப்பையெல்லாம் மெல்ல மெல்லத்தான் விடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுப்புப் பானை என்றால் ஆவி போகும், சாறு வற்றும், சரிசெய்து கொள்ளலாம். இதில் ஊற்றினது ஊற்றினபடி நிற்கும். காய் விடுகிற தண்ணீரும் சேர்ந்து, ஊற்றினதைவிட அதிகமாகவே நின்றது.

நார் உரிப்பது

நான்காவது முறைக்கு முன்னால் பாட்டி வீட்டு முன்தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மடியில் ஒரு பேசின், காலடியில் காகிதப் பை. அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது.

கத்தி வேண்டாம். காம்பு முனையை வளைந்த பக்கத்தை நோக்கி ஒடிக்க வேண்டும், ஆனால் முழுக்கத் துண்டிக்கக் கூடாது. ஒடிந்த முனை நாரில் தொங்கும். அதைப் பிடித்து, தையலோரமாகவே, அவசரப்படாமல் கீழே இழுத்தால் வால் வரைக்கும் ஒரே நூலாக வரும். நடுவில் அறுந்தால் இழுத்த வேகம் அதிகம் என்று அர்த்தம். பிறகு வால் முனையை எதிர்ப்பக்கமாக ஒடித்து, மேல்நோக்கி இழுக்க வேண்டும். இரண்டு நாரும் போன காயை ஒன்றரை அங்குலத்துக்கு ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வரும். சத்தம் வராமல் வளைந்தால் தோல் முற்றிவிட்டது. அதைப் பிளந்து விதையை மட்டும் பேசினில் போட்டு, தோலைப் பையில் போட்டுவிடுவார். அவர் பார்ப்பதுகூட இல்லை, கட்டைவிரல் நகம் தானே தேடிப் போகிறது. 900 கிராம் அவருக்குப் பதினைந்து நிமிடம். எனக்கு ஐம்பது. உரித்த பிறகு நிறுத்தால் 790 கிராம்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் உள்ளே போய் ஒரு பழைய நூல் சரத்தைக் கொண்டுவந்து காட்டினார். நார் உரித்த முழுப் பீன்ஸை ஊசியால் கோத்து, அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக் காயவைத்தது. தோல் பை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. 'லெதர் பிரிட்சஸ்', தோல் நிஜார் என்று பெயர். பனிக்காலத்தில் ஊறவைத்து நாள் முழுக்க வேகவைப்பார்களாம். "எங்க ஊர்ல கொத்தவரங்காயை இப்படிக் காயப்போடுவோம் மேம், வத்தல்னு" என்றேன். வேகவைப்பீங்களா என்று கேட்டார். எண்ணெயில் வறுப்போம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேக்கன் கொழுப்பிலயா?" என்றார்.

நான்காம் ஞாயிறு

இந்தத் தடவை வரிசையையே மாற்றினேன்.

சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஹாம் ஹாக்கை மட்டும் போட்டேன். 590 கிராம், அரை வெங்காயம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு கிடையாது. லோவில் காலை 7 வரை. எழுந்தபோது வீடு முழுக்கப் புகை வாசனை. எலும்பு விரலால் தொட்டதும் கழன்றது. வார்முக்கு மாற்றிவிட்டு வேறு வேலை பார்த்தேன். வார்மில் மீட்டர் 62 காட்டியது.

11 மணிக்கு ஹாம் ஹாக்கை வெளியே எடுத்து, எலும்பையும் தோலையும் தள்ளி, கறியைப் பிய்த்து வைத்தேன். மேலே மிதந்த கொழுப்பில் பாதியை வழித்தேன். பாதி இருக்கட்டும். சாற்றில் 700 மில்லி அளந்து அடுப்பில் ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, 790 கிராம் பீன்ஸையும் பிளந்த விதைகளையும் அதில் கொட்டினேன். மூடவில்லை. மறுபடி கொதி வந்ததிலிருந்து 12 நிமிடம். காய் 50-70 பள்ளத்தைச் சில நிமிடத்தில் தாண்டிவிட்டது. மீதிச் சாற்றை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. பீங்கான் ராத்திரியிலிருந்தே சூடாக இருக்கிறது. கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே அதில் கவிழ்த்தேன். மூடி போட்டு, வெப்பமானி: 89.

அந்த எண்ணைப் பார்த்ததும் காய் வெந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

லோவில் நாலு மணி நேரம். இடையில் ஒரே ஒரு தடவை, ஒரு மணிக்கு, ஆசை தாங்காமல் திறந்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. 4 டிகிரி இறங்கி, பழைய இடத்துக்கு வர 25 நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டேன். மூன்றரைக்குச் சின்னச் சிவப்பு உருளைக்கிழங்கு ஒரு பவுண்டு, தோலோடு பாதியாக வெட்டி மேலே அடுக்கி, பிய்த்த கறியையும் போட்டு ஹைக்கு மாற்றினேன். இன்னும் இரண்டு மணி நேரம். ஐந்தரைக்குக் குமிழைத் திருப்பி, சாற்றைச் சுவைத்து, அரை டீஸ்பூன் உப்பும் நிறைய மிளகுத்தூளும். அவ்வளவுதான் சேர்த்தது.

காயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். சத்தமில்லாமல் மசிந்தது. பத்து எடுத்துப் பார்த்தேன், பத்தும். நார் இரண்டே இரண்டு வந்தது, இரண்டும் நான் உரித்தவையாகத்தான் இருக்கும். மனைவி எதுவும் சொல்லாமல் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். சோள ரொட்டி கடையில் வாங்கியதுதான், சாற்றில் தோய்த்தால் அந்தக் குறை தெரியவில்லை.

பாட்டிக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். நின்றபடியே கரண்டியால் ஒரு வாய். "ம்ம்" என்றார். இன்னொரு வாய். "உருளைக்கிழங்கை அரை மணி நேரம் தாமதமாப் போடு." டப்பாவைத் திருப்பித் தரவில்லை, அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மிஞ்சின சாற்றை, 'பாட் லிக்கர்' என்பார்கள் இங்கே, இன்று மத்தியானம் சூடாக்கிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். மேலே நாலு சொட்டு மிளகாய் வினிகர், மேஜையில். அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

கணக்கு

நான்காம் முறைக்கு மட்டும்: பீன்ஸ் 7 டாலர், ஹாம் ஹாக் 4.28, உருளைக்கிழங்கு 1.80, வெங்காயம் 60 சென்ட். மின்சாரம் லோ 13 மணி நேரம், வார்ம் நாலரை, ஹை 2, எல்லாம் சேர்ந்து 2.9 யூனிட். எங்கள் பில்லில் யூனிட் சுமாராக 13 சென்ட், ஆக 38 சென்ட். மொத்தம் 14 டாலர் 6 சென்ட், ஆறு பேருக்குத் தாராளம். அடுப்பில் 12 நிமிடம் கொதித்ததை அளக்க என்னிடம் வழியில்லை. முதல் மூன்று முறைச் செலவைக் கூட்டிப் பார்க்க மனசும் வரவில்லை.

இதைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சூடான பீங்கானில் குளிர்ந்த தண்ணீரோ ஃப்ரீசர் காயோ போட்டால் விரிசல் விடும், அதனால்தான் உருளைக்கிழங்கை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தேன். இரண்டாவது, 'பீன்ஸ்தானே' என்று இதே லோவில் ராஜ்மாவைப் போட்டுவிடாதீர்கள். காய்ந்த சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்கிற நச்சுப் புரதம் ஸ்லோ குக்கர் சூட்டில் அழியாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். நம் பிரஷர் குக்கரில் இந்தப் பிரச்சினை வருவதில்லை என்பதால் நமக்கு இது ஞாபகத்தில் இருக்காது.

அடுத்த தடவை

ஹாம் ஹாக் பாதி போதும். சாறு ஆறியதும் ஜெல்லி மாதிரி உறைந்துவிட்டது. எனக்குப் பிடித்தது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. பன்றி சாப்பிடாத நண்பர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள், அவர்களுக்குப் புகைபோட்ட வான்கோழி இறக்கை. இங்கே பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். கொழுப்பு குறைவு என்பதால் ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்க்க வேண்டியிருக்கும். உருளைக்கிழங்கு நாலு மணிக்கு. நார் உரிக்க இன்னொரு ஆள்.

கால் கிலோ பீன்ஸை ஊசியில் கோத்து கராஜில் தொங்கவிட்டிருந்தேன், போன புதன்கிழமை. இங்கத்திய ஜூலை ஈரத்தை மறந்துவிட்டேன். இன்று காலையில் பார்த்தால் சுவரோரம் இருந்த எட்டுக் காயில் சாம்பல் பூசணம். அந்த எட்டையும் அறுத்துப் போட்டுவிட்டு, மீதியை ஏசி ஓடுகிற சமையலறை ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறேன். காய்க்குக் காய் ஒரு விரல் இடைவெளி விட்டு.